கைபார்க்கும் பெட்டி

ஆயுத பூசைக்கு எங்கள் போர்வெல் ரிக் ஷெட்டில் நிஜமான ஆயுதம் என்று ஒன்று வந்து சேர்ந்தது அந்த வருஷம்தான். அதுவும் பார்சலில்.

மற்ற வருஷங்களில் போர்வெல் லாரி, கம்ப்ரஸர், ஸ்பானர் செட், என் லேப்டாப், வீட்டு மிக்ஸி எல்லாம் வரிசையாகப் பூசையில் உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். என் நங்கை வளர்மதி தாராள மனசுக்காரி. பொட்டு வைக்கச் சொன்னால் அப்பி வைப்பாள். போன வருஷம் என் லேப்டாப்பின் கீபோர்டுக்குள் போன சந்தனத்தைக் குண்டூசியால் நோண்டி எடுக்கவே எனக்குத் தீபாவளி வந்துவிட்டது. திட்டினால், "சாமிகிட்ட போயி கஞ்சத்தனம் பாக்கலாமா தாரணி?" என்பாள்.

துப்பாக்கி அண்ணனுடையது. அண்ணன் செங்கோட்டுவேல் என்றால் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வடக்கே வேலைக்குப் போய்ப் பணத்தோடு திரும்பும் காலத்தில் வாங்கிய லைசென்ஸ். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். அண்ணன் சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைப்பார். முன்பெல்லாம் தேர்தல் முடிந்ததும் நேரில் போய் வாங்கி வர வேண்டியிருந்தது. புதுச் சட்டம் வந்த பிறகு பார்சலிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது.

விதிகள் ஏராளம். துப்பாக்கி தனி, தோட்டா தனி. இரண்டும் ஒரே வண்டியில் வரக் கூடாது, ஒரே கம்பெனியிலும் வரக் கூடாது. லைசென்ஸ்காரர்தான் வாங்க வேண்டும், பெண்டாட்டியோ தங்கையோ கையை நீட்டினால் செல்லாது. இதெல்லாம் சாதாரணம். புதிதாக வந்ததுதான் அந்தப் பெட்டி.

பார்ப்பதற்கு டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவில் இருக்கும். மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு. வாங்குகிறவர் அதில் கையை வைக்க வேண்டும். நாடித் துடிப்பு, வியர்வை, சூடு, நடுக்கம் எல்லாவற்றையும் அது படிக்கும். இந்தக் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்று தோன்றினால் பச்சை விளக்கு எரிந்து மூடி திறக்கும். தோன்றாவிட்டால் சிவப்பு. சும்மா சிவப்பு இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்காக ஊரைக் கூட்டும் சங்கு வேறு. பிறகு பெட்டி நேரே போலீஸுக்குப் போய்விடும். ஊரில் அதற்குக் கைபார்க்கும் பெட்டி என்று பெயர். வைத்தியர் கை பார்ப்பார், ஜோசியர் கை பார்ப்பார், இப்போது பார்சலும் பார்க்கிறது.

நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டம் போட்டவர்கள் எங்கள் ஜனங்களைப் பற்றி யோசிக்கவில்லை. ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்குச் சிவப்பு எரிந்தது. மனிதருக்கு அன்றைக்கு டைபாய்டு ஜுரம். சட்டத்துக்கு அது புரிந்தது, மறு மாதமே பச்சை கொடுத்தார்கள். ஊருக்குப் புரியவில்லை. "சிவந்த வீடு" என்று பேர் வைத்து, அவர் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்த வழியே திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு லைசென்ஸ்காரர்கள் பார்சல் வரும் நாளில் மாத்திரை போட்டுக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்ய ஆரம்பித்தார்கள். பச்சை வரவைக்க ஈரோட்டில் வகுப்பே நடந்தது. கையை எப்படித் தளர விடுவது, எதை நினைத்துக்கொள்வது என்று எல்லாம் சொல்லித் தருவார்களாம்.

எங்கள் வீட்டில் அந்தப் பயம் இல்லை. அண்ணன் அவ்வளவு நிதானமாக இருந்தார்.

அந்த நிதானம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சித்திரையில் ஒரு விபத்து. வண்டியில் துளை போடும் இரும்பு ராடுகளை ஏற்றும்போது கட்டு அவிழ்ந்து சரிந்து, பிகாஷ் என்ற ஒடிசாக்காரப் பையன் போய்விட்டான். கட்டு பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று அண்ணன் முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார். சொன்னதோடு சரி, மாற்றவில்லை. உடலோடு அவனுடைய ஊர் வரைக்கும் போய்விட்டு வந்தவர் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. ஷெட்டுப் பக்கமே வராமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆவணி பிறந்ததும் திடீரென்று தெளிந்துவிட்டார். நங்கைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். கம்பெனிக் கணக்கின் பாஸ்வேர்டுகளை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மகள் மகிழினிக்கு ஈரோட்டில் பேசி முடித்திருந்த சம்பந்தம் தையில் கல்யாணம் என்று உறுதியானபோது, "தாரணி இருக்கறா, பாத்துக்குவா" என்று சிரித்தார். நாங்கள் மலையேறிப் போய் அர்த்தநாரீஸ்வரருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். பழைய அண்ணன் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று நம்பினோம்.

பூசையன்று காலையில் பார்சல் வண்டி வந்தது. கொண்டுவந்த பெண் நாகஜோதி பக்கத்து ஊர்தான், சங்ககிரி. "பூசை முடியட்டுங்க, ஐயா அப்புறமே கை வெக்கட்டும்" என்று ஒரு ஓரமாக உட்கார்ந்து பொரி சாப்பிட ஆரம்பித்தாள். பெட்டி திறந்து துப்பாக்கி வெளியே வரும் வரை அவள் போகக் கூடாது.

நங்கை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூசை வரிசையில் நடுவில் வைத்தாள். "பேரு ஆயுத பூசை. ஒரு ஆயுதமாச்சும் இருக்க வேண்டாமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும்தான். பிறகு வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் அப்பினாள். லாரிக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் நாகஜோதி எழுந்து வந்து, "ஐயா, வாங்க" என்றாள்.

அண்ணன் தோளில் துண்டோடு வந்து, அவசரமே இல்லாமல் கையை வைத்தார்.

சிவப்பு எரிந்தது. சங்கு அலறிய அலறலில் வாழைக்கன்றில் கட்டியிருந்த பலூன்கூட நடுங்கியது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! தள்ளி நில்லுங்க!" என்று நாகஜோதி கத்தினாள். வேலையாட்கள் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். எதிர் ஷெட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மனசில் முதலில் வந்தது ஈரோட்டுச் சம்பந்தி முகம்தான்.

"மிஷின் கோளாறுங்க இது! இன்னொருக்கா கை வெக்கட்டும்" என்றேன்.

"ஒருக்காதானுங்க அக்கா. இன்னொருக்கா வெக்க ரூல் இல்லைங்க" என்றாள் அவள். அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

"விடு அம்மிணி" என்றார் அண்ணன். லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். "அது சரியாத்தான் சொல்லுது."

"என்னங்ணா சொல்றீங்க?"

"கண்டுபுடிச்சிருச்சு."

நங்கை கையில் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். "பிகாஷோட அம்மா எனக்குச் சோறு போட்டுச்சு. செத்த பையனோட மொதலாளிக்கு எல போட்டு, தயிர் ஊத்தி, இன்னுங் கொஞ்சம் சாப்பிடுன்னு சொல்லுச்சு. ரெண்டு திட்டு திட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். அன்னியிலிருந்து தூக்கமில்லை. ஆவணியில ஒரு நாள் முடிவு பண்ணினேன். துப்பாக்கி வரட்டும்னு. முடிவு பண்ணின பொறவு நல்லாத் தூக்கம் வந்துச்சு. சோறும் எறங்குச்சு."

தோட்டா வேறு கம்பெனி வழியாகப் போன வாரமே வந்து பீரோவில் இருந்தது. அது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நங்கை தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாமா, ஒரே ஒரு வார்த்த" என்று அவரை உலுக்கினாள். அண்ணன் சின்னப் பிள்ளையாக அழுதார். அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

சிவந்த பெட்டியோடு நாகஜோதி உடனே கிளம்பியாக வேண்டும். அவள் கிளம்பவில்லை. நாமக்கல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மனநல டாக்டர் மெஹருன்னிசா வந்து சேரும் வரைக்கும் எங்களோடு இருந்தாள். பீரோவில் இருந்த தோட்டாவையும் நான் எடுத்துப் போலீஸிடம் கொடுத்துவிட்டேன்.

பிறகு வந்த நாட்களை நான் லேசான நாட்கள் என்றுதான் சொல்வேன். அண்ணன் டாக்டரிடம் போனார், மாத்திரை சாப்பிட்டார். சில நாள் அழுதார், சில நாள் சும்மா இருந்தார். ஆனால் அந்தப் பழைய நிதானம் இல்லை. அது போனதில் எங்களுக்கு வந்த ஆறுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. கோபம் வந்தால் கத்தினார். குழம்பில் உப்பு இல்லை என்று நங்கையிடம் சண்டை போட்டார். அவள் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், "அந்தப் பொட்டி இல்லைன்னா நானில்லை" என்பார். நங்கை பூசையறையில் அந்தப் பெட்டியின் படத்தை மாட்டாததுதான் பாக்கி.

அப்போதுதான் சென்னையிலிருந்து ரூபன் என்பவர் எனக்குப் போன் செய்தார். பெட்டி செய்யும் கம்பெனியில் இன்ஜினியர்.

"மேடம், உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி" என்றார். "சிவந்த பெட்டியெல்லாம் போலீஸ்கிட்ட இருந்து எங்க லேபுக்கு வரும். உங்க அண்ணன் பெட்டியில தட்டு மேல சந்தனம் அப்பியிருக்கு மேடம். அதுக்கு மேல குங்குமம். பெட்டியால கையைப் படிக்கவே முடியல. படிக்க முடியலன்னா சிவப்புதான் காட்டணும், அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கோம்."

"அப்போ எங்கண்ணனை அது..."

"பாக்கவே இல்ல மேடம்."

"சந்தனம் இல்லாம இருந்திருந்தா?"

"சுண்டுவிரல் ஓரம் மட்டும் சுத்தமான இடத்துல பட்டிருக்கு. அதுல கொஞ்சம் துடிப்பு கிடைச்சுது. பச்சைதான் மேடம், சந்தேகமே இல்ல. இவ்வளவு நிதானமான கையை நாங்க பாத்ததே இல்லன்னு லேப்ல பேசிக்கிட்டோம்."

"ஏங்க, சாகறதுன்னு முடிவு பண்ணின ஆளோட கை நடுங்குமுங்களா?" என்று கேட்டேன்.

"கோபம், குடி, பயம்... இதையெல்லாம் பிடிக்கத்தான் மேடம் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்" என்று இழுத்தார். பிறகு பழைய குரலுக்கு வந்து, "உங்க அண்ணன் இன்னொரு தடவை கையை வெச்சாப் போதும். தப்பு எங்க பெட்டி மேலன்னு நாங்களே எழுதிக் குடுத்துடுவோம். சிவப்பு அழிஞ்சிடும், துப்பாக்கியும் திரும்பக் கிடைக்கும். தீபாவளி வரைக்கும் டைம் இருக்கு" என்றார்.

"வேண்டாங்க."

"மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. குடும்பத்தோட பேரு..."

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்கவே இல்லை. யோசனை எல்லாம் பிறகுதான் வந்தது.

ஈரோட்டுக்காரர்கள் பூசைக்குப் பிறகு ஒரு தரம்கூடப் பேசவில்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் பேச்சு அப்படியே நின்றது. மகிழினி, "அவங்க வரலைன்னா போறாங்க அத்தை, அப்பா இருக்கறாருல்ல" என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அந்தச் சிவப்பு அழிந்துவிடும். ஆனால் அண்ணன் அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டுதானே எழுந்து நிற்கிறார்? தன்னை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நம்புகிற மனிதரிடம் போய், இல்லை, யாரும் பார்க்கவில்லை, அது வெறும் சந்தனம் என்று எப்படிச் சொல்வேன்? நங்கையிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். ஒரு ரகசியத்தை ஒரு பொழுதுகூட வைத்திருக்கத் தெரியாத நான் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

தீபாவளி நெருங்கியபோது ஈரோட்டுச் சம்பந்தியே கூப்பிட்டார். சம்பந்தத்தை முறிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, நாலு வார்த்தை சூடாகக் கேட்கத் தயாராகப் போனை எடுத்தேன். அவர் மாட்டுப் பொங்கல், மண்டபம், மழை என்று எதையெதையோ பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க அம்மிணி, மச்சான் போறாரே அந்த டாக்டரம்மா... அவிங்க நம்பரு கெடைக்குமுங்களா?"

"யாருக்குங்க?"

"எனக்குத்தானுங்க. என்ற துப்பாக்கியும் பொட்டியோட சேலத்துல கெடக்குது. வரச் சொல்லவே பயமா இருக்குது. வூட்டுல சொல்லீராதீங்க."

நம்பரைக் கொடுத்தேன். வாயில் வைத்திருந்த சூடான நாலு வார்த்தையையும் விழுங்கிவிட்டேன். கல்யாணம் தையிலேயே நடக்கட்டும் என்றும் அவரே சொன்னார். மகிழினியிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவள் என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சந்தோஷத்தோடு ஷெட்டுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணன் கிரீஸ் கையோடு நின்றார். ராடு சரியாமல் இருக்க லாரியின் இரண்டு பக்கமும் இரும்புக் கூண்டு வைத்து வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள். சம்பந்தி விஷயத்தைச் சொன்னேன், டாக்டர் நம்பரை மட்டும் விட்டுவிட்டு. கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு, "மெட்ராஸ்ல இருந்து ரூபன்னு ஒருத்தன் உனக்குப் பேசினானா?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கும் பேசினான். தங்கச்சி வேண்டாம்னுட்டாங்க, நீங்களாச்சும் வந்து கைய வெய்யுங்கன்னான். நானும் வேண்டாம்னுட்டேன்."

"அண்ணா... அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாருங்களா?"

"சந்தனத்தைச் சொன்னான். இதை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா? கைய வெச்சவன் நான்." கிரீஸ் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "வெக்கறப்பவே தட்டுல சந்தனம் தெரிஞ்சுச்சு, வெச்ச ஒடனே குளுகுளுன்னு இருந்துச்சு. போன தேர்தலப்ப மழைத் தண்ணி பட்டுக்கூட ஒருத்தனுக்குச் செவந்துருக்குது. தட்டுல என்ன இருந்தாலும் அது செவப்புதான் காட்டும்னு லைசென்ஸ்காரனுக்கெல்லாம் தெரியும் அம்மிணி."

நான் அவரையே பார்த்தேன். "அப்போ தொடைச்சுட்டு வெச்சிருக்கலாமே?"

"துண்டு தோள்லதான் கெடந்துச்சு. எடுக்கலை."

"ஏனுங்ணா?"

"ஆவணியிலிருந்தே முடிவு பண்ணி வெச்சிருந்தேன். எல்லாருகிட்டயும் சிரிச்சேன், நீங்களும் நம்பினீங்க. பச்சை வந்திருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டீங்க. செவப்பு வந்தா யாராச்சும் என்னாச்சுன்னு கேப்பீங்கல்ல? கேட்டாச் சொல்லீரலாம்னு அந்த நிமிஷம் தோணுச்சு. நானா எடுத்துச் சொல்ல என்னால முடியல. யாராச்சும் கேக்கோணும்ல?"

வேலையாட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதேன். பயத்தில் இல்லை. பெட்டி அவரைப் பிடித்து நிறுத்தவில்லை, அவரே நின்றுவிட்டார் என்ற நிம்மதியில் வந்த அழுகை. அண்ணன் கிரீஸ் கையோடு என் தலையில் தட்டினார்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம்.